தொகுப்புக்கு ஒரு பெயர்

கதிரேசன் எழுதிய மூன்று நாவல்களிலும் ஒரே குடும்பம்தான். முதல் நாவலில் நடக்கப் பழகும் மகள், மூன்றாவதில் குளத்தில் மூழ்கி இறக்கிறாள். அவருடைய மகள் எழிலும் அப்படித்தான் போனாள். மூன்றையும் ஒரே தொகுப்பாகப் போடுவது பற்றிப் பேசப் பதிப்பாளர் அருள்தாஸ் வீட்டுக்கு வந்தபோது, கதிரேசனின் மனைவி மங்கை குறுக்கிட்டாள்.

"அவ செத்ததை முதல்ல போடுங்க. நடக்கப் பழகுறதைக் கடைசில வைங்க."

"கதை குழம்பிடும்மா," என்றார் அருள்தாஸ்.

"குழம்பட்டும். படிச்சு முடிக்கிறப்ப அவ உயிரோட இருக்கணும்."

கதிரேசன் தலையசைத்தார். தொகுப்புக்கு 'எழில்' என்றே பெயர் வைத்துவிடலாம் என்றார்.

மங்கை அவரைப் பார்த்தாள்.

"வேணாங்க. கடைக்கு வர்றவங்க 'எழில் இருக்கா?'ன்னு கேப்பாங்க. ஒருநாள் கடைக்காரங்க இல்லைன்னு சொல்லுவாங்க."