டைகரின் கயிறு

திங்கட்கிழமை நகராட்சியின் நாய்பிடி வண்டி வருகிறது. கூப்பிட்ட குரலுக்கு வராத நாய் அந்த வண்டியோடு போய்விடும். டைகரோ, பன்னிரண்டு நாளாக இன்னாசி தொண்டை கிழியக் கத்தியும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கடைசியாக நடந்த முத்துக்குளிப்பில் இன்னாசி வள்ளத்தில் நின்று கயிறு பிடித்தவன். குளிப்பவன் கீழிருந்து இரண்டு தடவை சுண்டினால், கேள்வி கேட்காமல் இழுக்க வேண்டும். அவனுக்குத் தெரிந்த பாஷை அது ஒன்றுதான். அந்தக் கயிற்றையே குட்டியின் கழுத்தில் கட்டி, பெயர் சொல்லி இரண்டு தடவை சுண்டினான். டைகர் நாலு காலையும் மணலில் ஊன்றிக்கொண்டது.

"நாயி என்ன முத்துக் குளிக்கவா போயிருக்கு?" என்றாள் கருவாடு புரட்டிக்கொண்டிருந்த அவன் மனைவி செசிலி.

"ஏளா, சும்மா கெட. இன்னைக்கு இது வராம எங்க போவுதுன்னு பாக்கேன்."

அதற்குள் டைகர் முடிச்சைக் கடித்து உருவிக்கொண்டு செசிலியிடம் ஓடிவிட்டது. கயிற்றின் நுனியை அலை இழுத்துப் போனது. இன்னாசி ஏசிக்கொண்டே அதைச் சுருட்டத் தொடங்கினான்.

கடலுக்குள்ளிருந்து கயிறு இரண்டு தடவை சுண்டியது.

கை தானாக இழுத்தது. "டைகர்!" என்றான், இழுத்துக்கொண்டே.

நாய் ஒரே ஓட்டமாக வந்து அவன் காலோடு ஒட்டிக்கொண்டு நின்றது.

"வந்துட்டு, பாத்தியளா! இனி வண்டிக்காரன் வரட்டும்" என்று செசிலி கைதட்டினாள்.

தடவிக்கொடுக்க அவனுக்குக் கை ஒழியவில்லை. கைவிரித்து அளந்தால் அந்தக் கயிறு மொத்தமே பத்துப் பாகம். பதினேழாவது பாகம் அவன் காலடியில் ஈரமாகச் சுருண்டது. பிறகு பதினெட்டாவது.