பத்தாவது வரி

எழுபத்து நான்கு.

வீடியோ கேம் இயந்திரத் திரையின் மேலே அந்த எண் நின்றது. இன்னும் ஒரு சதவீத நிலம் வளைத்துவிட்டால் சுற்று முடிந்துவிடும்.

வெர்னா கோவாச் வளைக்கவில்லை. கைப்பிடியை மெல்ல அசைத்து, தன் ஒளிப்புள்ளியை ஓரக் கோட்டிலேயே இங்குமங்குமாக நடக்கவிட்டாள்.

சுவர்க் கடிகாரத்தில் மூன்று முப்பத்தேழு. எதிரே இருக்கும் இரும்பாலையில் ரூடிக்கு இரண்டாவது ஷிப்ட். மூன்று நாற்பதுக்கு அவன் கிளம்பியாக வேண்டும். இந்த மூன்று நிமிடம் அவனை இயந்திரத்தின் முன்னால் வரவிடாமல் வைத்திருந்தால் போதும்.

அவனுடைய காசு திரைக்குக் கீழே, கண்ணாடி விளிம்பில் உட்கார்ந்திருந்தது. காசு வைத்தவனுக்கு அடுத்த ஆட்டம். ஆடுகிறவர் தோற்கும்வரை யாரும் கை வைக்கக் கூடாது. அந்த பவுலிங் கூடத்தில் குடித்தவன்கூட மீறாத சட்டம் அது.

நேற்று ரூடிக்கு இயந்திரத்தின் சாதனைப் பட்டியலில் பத்தாவது வரியைத் தொட எண்ணூறு புள்ளிதான் பாக்கி.

பத்தாவது வரி அவள் கணவன் எமிலுடையது. ஈ, எம், கே என்று மூன்று எழுத்து, பக்கத்தில் 61,340. கிரேன் மேடையிலிருந்து விழுவதற்கு முந்தின வாரம் எடுத்தது. பட்டியலில் பத்தே வரிகள். யார் புதிதாக ஏறினாலும் அடியில் இருப்பது விழுந்துவிடும். மேலே இருந்த ஒன்பது பேரும் ஆலையில் ஆட்களைக் குறைத்தபோது டெக்சாஸ் பக்கம் வேலை தேடிப் போய்விட்டார்கள். மிச்சம் ரூடிதான்.

கேட்டால் அவன் விட்டுக்கொடுத்துவிடுவான். அதனாலேயே வெர்னா கேட்கவில்லை. விட்டுக்கொடுத்த இடம் எமில் கணக்கில் இடமே அல்ல.

ரூடி அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றான்.

“மிஸஸ் கோவாச், நானும் வேலைக்குப் போகணும்ல? அந்தக் குச்சிய என்ன, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி வளக்கப் போறீங்களா?”

குச்சி என்று அவர்கள் சொன்னது, திரையின் நடுவில் சுழன்று சுழன்று திரியும் கோட்டுக் கொத்தை. அது எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஓரத்தை விட்டு உள்ளே ஒரு கோடு இழுத்து, மறுபடி ஓரத்தைத் தொட்டால் அடைபட்ட நிலம் உனக்கு. தொடுவதற்குள் குச்சி உன் கோட்டில் பட்டால் சாவு. பாதிக் கோட்டில் தயங்கி நின்றால், நீ இழுத்த கோட்டின் வால் தீப்பிடித்து உன்னைத் தேடி வரும்.

ஓரத்திலேயே ஒதுங்கி இருக்கலாமென்றால் அதற்கும் வழியில்லை. ஓரக் கோட்டில் பொறிகள் ஓடிக்கொண்டே இருக்கும். நேரம் கரையக் கரைய அவை பெருகும், வேகம் பிடிக்கும்.

தோற்றால் ரூடி வந்துவிடுவான். தோற்காமல் இருக்க நிலம் பிடிக்க வேண்டும். பிடித்தால் புள்ளி ஏறும். வெர்னாவின் புள்ளி இப்போது 60,900. கடைசி உயிர்.

இடமிருந்து ஒரு பொறி வந்தது. வலமிருந்து இன்னொன்று.

ஒரு சின்னப் பெட்டி போதும். நூறு, இருநூறு புள்ளி ஏறும், சுற்று முடியும், அடுத்த சுற்றில் நின்று நிதானமாக நேரத்தைக் கொல்லலாம். அப்படித்தான் நினைத்து உள்ளே இறங்கினாள்.

அந்த நேரம் பார்த்துக் குச்சி கீழ் மூலையில் போய் ஒடுங்கியது.

திரை முழுக்கக் காலி.

முன்பெல்லாம் எமிலைச் சட்டைக் கையைப் பிடித்து இதே இடத்திலிருந்து இழுத்துப் போனவள் அவள். இதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கார் வீடு போய்ச் சேரும்வரை கேட்பாள். அவனுக்குச் சொல்லத் தெரிந்ததில்லை.

அவள் விரல், கோட்டை மெதுவாக இழுக்கும் பொத்தானுக்கு மாறியது. மெதுவாக இழுத்தால் இரட்டைப் புள்ளி. கோடு கீழே இறங்கி, திரும்பி, மூலையைச் சுற்றி நகர்ந்தது. குச்சி புரண்டது. கோட்டுக்கு ஒரு மயிரிழை தள்ளி உரசிக்கொண்டு போனது. அவள் நிற்கவில்லை.

கோடு ஓரத்தைத் தொட்டது.

தொண்ணூற்றாறு.

பின்னால் யாரோ விசிலடித்தார்கள். எழுபத்தைந்துக்கு மேலே ஒவ்வொரு சதவீதத்துக்கும் ஆயிரம் புள்ளி. எண்கள் ஓடி ஓடி எண்பதாயிரத்தைத் தாண்டி நின்றன.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்த ஒரு கோடு முழுக்க எமிலை ஒரு தடவைகூட அவள் நினைக்கவில்லை. அவன் விழுந்த இந்த ஏழு மாதத்தில் முதல்முறையாக.

அடுத்த சுற்றில் நான்கே நொடியில் செத்தாள். இயந்திரம் மூன்று எழுத்து கேட்டது. எமிலுடைய எழுத்துகளையே போடலாம். ஆனால் 61,340 அவனுக்குப் பட்டாள எண் மாதிரி மனப்பாடம்; எண்பதாயிரம் தன்னுடையதில்லை என்று தெரிந்துவிடும்.

ரூடி தன் காசை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டான். மணி மூன்று நாற்பது. அவனுக்கு உண்மையாகவே சந்தோஷம்.

“ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வர்றேன். எமில்கிட்ட நானே சொல்றேன், ‘யோவ், உன்னத் தள்ளுனது உம் பொண்டாட்டிதான்யா’ன்னு.”

அவள் சரி என்று தலையை ஆட்டினாள்.

முன்னறைக் கட்டிலில், கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாமல், எமில் கதவைப் பார்த்தபடி படுத்திருப்பான். அவள் மேலங்கியைக் கழற்றுவதற்குள் கேட்பான். தன் வரி இன்னும் இருக்கிறதா என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை.

யார் தாண்டியது என்றுதான் கேட்பான்.