வலி மூன்று

தூத்துக்குடி ஆஸ்பத்திரிச் சுவரிலிருந்த கேமரா பெர்லினின் முகத்தைப் பார்த்துவிட்டு, வலி மூன்று என்று திரையில் போட்டது. அந்த எண் ஏழுக்கு ஏறினால்தான் ஆபரேஷன் தியேட்டர் கதவு திறக்கும்.

பதின்மூன்று வயது பெர்லின் வயிற்றைப் பிடித்தபடி சத்தமில்லாமல் சுருண்டு கிடந்தாள். மாதாமாதம் வரும் வலிக்கெல்லாம் அழக்கூடாது, பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள் என்று சொல்லி வளர்த்தவள் அவள் அம்மா ஜெனிட்டாதான்.

"சினைப்பை முறுக்கிக்கிட்டிருக்கும்னு சந்தேகப்படுறேன்," என்றார் டாக்டர் நாச்சியார். "ஸ்கேன்ல ரத்த ஓட்டம் கொஞ்சம் தெரியுது. அதை நம்பி உட்கார முடியாது. நேரம் போகப் போக சினைப்பை செத்துப்போகும். ஆனா நம்பர் ஏறாம என்னால கதவைத் திறக்க முடியாதும்மா."

ஜெனிட்டா மகளின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"ஏட்டி, கத்திரு! வாய்விட்டு அழு பிள்ள!"

"எல்லாரும் பாக்காங்கம்மா," என்று முனகினாள் பெர்லின். திரையில் நான்கு.

ஜெனிட்டா தானே ஓலமிட்டு அழுதாள். அதைக் கேட்டதும் மகளும் உடைந்து கதறினாள். எட்டு. கதவு திறந்தது.

ஒரு மணி நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தார். "ரெண்டு சுத்து முறுக்கி, நீலம் பாரிச்சிருந்துச்சு. பிரிச்சுவிட்டிருக்கோம், எடுக்கலை. வலி இன்னைக்குத்தான் ஆரம்பிச்சதுன்னா பிழைச்சுக்க வாய்ப்பு அதிகம்."

"இன்னைக்குக் காலையிலதான் டாக்டர்," என்றாள் ஜெனிட்டா.

மயக்கம் தெளிந்ததும் பெர்லின் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏசாதம்மா. முந்தாநாளே வலிச்சுது."