கழுத்துப் பிடி

ஷங்கர் எங்களுக்கு வைத்திருந்த பாக்கி, பணம் இல்லை. ஒரே ஒரு பேச்சு.

"பெல்ட் கொக்கி சரியில்லை என்று செல்லக்கண்ணு சொல்லியும் நான்தான் ஏறச் சொன்னேன்." இதை ஷங்கர் தன் வாயால் சொல்ல வேண்டும்.

சாரத்திலிருந்து விழுந்த செல்லக்கண்ணுவை, குடித்துவிட்டு ஏறினான் என்று கம்பெனியில் சொல்லி ஊருக்கு அனுப்பிவைத்தவர் எங்கள் சூப்பர்வைசர் ஷங்கர். அவன் குடித்ததே இல்லை. குடிகாரனுக்குப் பெண் கொடுத்தேனே என்று மாமனார் வந்து மகளைக் கூட்டிப்போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை. சிங்கப்பூர் டெஸ்கர் ரோட்டில் ஹனீபா பாயின் போன் கடை. டிவியில் சண்டை வீடியோ கேம், புதிதாக வந்த பாகம். ஷங்கரை அங்கே யாரும் ஜெயித்ததில்லை. மூலையில் தள்ளிக் கழுத்தைப் பிடிப்பார், பிடித்தால் முடிந்தது. முதல் பாகத்திலிருந்து அதே பிடி.

நான் ஜெயித்தால் அவர் அந்தப் பேச்சைச் சொல்ல வேண்டும் என்று பந்தயம் வைத்தேன். கடையே சிரித்தது.

"நீயா மருதப்பா? தோத்தா ஒரு மாசம் என் பூட்ஸ தொடைக்கணும் லா. நான் தோத்தா சொல்றேன், இங்க யாரு கேக்கப்போறா?"

முதல் பாகத்தையே திருத்தி இரண்டாம் முறை வெளியிட்டிருந்தார்கள். ஷங்கர் அதைத் தொடவில்லை. ஒரே ஆட்டத்தை எந்த மடையன் ரெண்டு தடவை வாங்குவான் என்பார்.

அந்தத் திருத்தப் பதிப்பில்தான் கழுத்துப் பிடிக்கு ஒரு வழி வைத்தார்கள். எதிராளியின் கை நீளும் அதே நொடியில் நாமும் பிடிக்க வேண்டும். பிறகு வந்த எல்லாப் பாகத்திலும் அது இருக்கிறது. எங்கள் ஆட்கள் யாருக்கும் தெரியாது. அவருக்கும் தெரியாது.

மூலையில் தள்ளினார். கை நீண்டது. அழுத்தினேன்.

பிடி விட்டது.

திரையை முறைத்தார். மறுபடி பிடித்தார். மறுபடி விட்டது.

அதற்குப் பிறகு நான் அவசரப்படவில்லை. ஒவ்வொரு அடியாக, ருசித்து அடித்தேன்.

சொன்ன சொல்லுக்காகச் சொன்னார். முழுதாகத்தான், ஆனால் சிரித்துக்கொண்டே.

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தேன். ஆட்டம் தொடங்கும் முன்பே ஊருக்கு வீடியோ காலில் கூப்பிட்டு வைத்திருந்தேன்.

படத்தில் ஒரு கட்டில். இடுப்புக்குக் கீழே அசையாதவன். நெஞ்சின் மேல் அந்தத் திருத்தப் பதிப்பு ஓடும் பழைய விளையாட்டுக் கருவி. எனக்கு நொடிக் கணக்கைச் சொல்லிக்கொடுத்த இரண்டு கட்டைவிரல்கள்.

ஷங்கர் முகத்துக்கு நேரே திருப்பினேன்.

"கேட்டுச்சு பாஸ்," என்றான் செல்லக்கண்ணு. "என் மாமனார் இப்பத்தான் வந்து ஒக்காந்தாரு. அவருக்காக இன்னொரு தடவ."

ஷங்கர் சொன்னார்.

இந்தத் தடவை சிரிக்கவில்லை.