வல்லாரைத் திருட்டு

புகழேந்தி, கீரைக்கார அம்சத்தின் வலது கையைப் பிடித்துத் திருப்பி, வெயிலில் காட்டி உற்றுப் பார்த்தான். அப்புறம் இடது கை. விரல் விரலாக, நகக்கண் வரைக்கும்.

“என்னப்பா, புல்லு வெட்டுற வேலையை விட்டுட்டு கைரேகை பாக்க வந்துட்டியா? எனக்கு வீடு கட்டுற யோகம் எப்பன்னு சொல்லு” என்றாள் அம்சம். சுவாமிமலை பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

டீக்கடை இராஜாங்கம் தன் இரண்டு கைகளையும் நீட்டினார். “எனக்கும் பாருப்பா, சிங்கப்பூர் போற ரேகை இருக்கான்னு.” புகழேந்தி சிரிக்காமல் அந்தக் கைகளையும் பார்த்தான். அங்கேயும் அவன் தேடியது இல்லை.

“அக்கா, இன்னிக்கு யாராச்சும் வல்லாரை கொண்டுவந்தாங்களா?” என்று அம்சத்திடம் கேட்டான்.

“இல்லையே.”

“கொண்டுவந்தா வாங்காதீங்க. உடனே எனக்குப் போன் போடுங்க. மருந்து பட்ட கீரை” என்று சொல்லிவிட்டு சைக்கிளை மிதித்தான்.

ஊருக்கு வெளியே உள்ள ரிசார்ட்டில் புல்தரையைப் பராமரிப்பது புகழேந்தியின் வேலை. புல்லுக்கு நடுவே களை மண்டிவிட்டது. புல்லை விட்டுவிட்டு, அகன்ற இலைச் செடிகளை மட்டும் கொல்லும் களைக்கொல்லி ஒன்று வாங்கியிருந்தார்கள். பக்கத்து வெற்றிலைக் கொடிக்காலுக்குச் சாரல் போய்விடக் கூடாதே என்று காத்திருந்து, நேற்றுப் பொழுது சாய்ந்து காற்று அடங்கிய பிறகுதான் அவன் அடித்தான். கையுறை, பூட்ஸ், கலக்கும் அளவு எல்லாம் பாட்டிலில் போட்டிருந்தபடியே. எங்கே அடித்தோம், எங்கே விட்டோம் என்று தெரிய, லேசில் போகாத நீலச் சாயமும் கலந்திருந்தான். ‘மருந்து அடித்திருக்கிறது, உள்ளே வராதீர்கள்’ என்று வாசலில் போர்டும் வைத்தான்.

காலையில் காத்தாயி அக்கா கடையில் இட்லி சாப்பிட்டு, துவையலை இரண்டாம் முறை கேட்டு வாங்கித் தொட்டுக்கொண்டு, ஏப்பத்தோடு வேலைக்கு வந்தால், வாய்க்கால் பக்கத்து மூலையில் படர்ந்திருந்த வல்லாரையைக் காணோம். யாரோ வேரோடு பிடுங்கியிருந்தார்கள். பிடுங்கிய குழிகளுக்குள்கூட நீலம் படிந்திருந்தது.

“களை போச்சுன்னா சந்தோஷப்படுங்க. ஏன் சங்கிலி தொலைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?” என்றார் மேனேஜர் ஷஹ்பாஸ்.

“நமக்குத்தான் சார் அது களை. ஊருக்கு அது கீரை. இந்நேரம் யார் வீட்டு அடுப்புல கிடக்கோ!”

தெருத் தெருவாக அலைந்தான். கீரை ஆய்ந்துகொண்டிருந்த கைகள், பூ கட்டிய கைகள், கோலம் போட்ட கைகள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டான். மஞ்சள் இருந்தது, மருதாணி இருந்தது, நீலம் மட்டும் இல்லை. மலைக்கோயில் கோபுரம் கண்ணில் பட்டபோதெல்லாம், “சாமிநாதா, அதை வாயில வைக்கிறதுக்குள்ள ஆளை என் கண்ணுல காட்டிடுப்பா” என்று கும்பிட்டுக்கொண்டான்.

மத்தியானம், நாக்கு உலர்ந்து காத்தாயி கடைப் பெஞ்சில் வந்து விழுந்தான். அவள் கிரைண்டரைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, நீங்களும் கையைக் காட்டிடுங்க.”

“இந்தா, பாரு.” மாவைத் தவிர அந்தக் கையில் ஒன்றும் இல்லை. “ஊரே சொல்லிச் சிரிக்குது. என்னதான் தொலைச்சே?”

புகழேந்தி எல்லாவற்றையும் சொன்னான். “சின்னப் புள்ளை ஏதாச்சும் தின்னிருந்தா, நான் எந்த முகத்தோடக்கா கோயில் படி ஏறுவேன்?”

“அட, அந்த வல்லாரையா?” காத்தாயி நிதானமாகக் கையைத் துடைத்துக்கொண்டாள். “அது உன் வயித்துலதான் இருக்கு.”

“என்னது?”

“காலையில ‘இன்னும் கொஞ்சம் வைங்கக்கா’ன்னு கேட்டுக் கேட்டுத் தின்னியே, அந்தத் துவையல் எதுல அரைச்சதுன்னு நெனச்சே?”

புகழேந்தி இரண்டு கைகளாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். “ஐயையோ, வண்டி பிடிங்கக்கா! ஆஸ்பத்திரிக்குப் போகணும்!”

“உக்காருப்பா. நீ மருந்து அடிச்சது பொழுது சாஞ்ச பிறகு. நான் நேத்து மத்தியானமே பிடுங்கிட்டேன்.”

குழிக்குள் படிந்திருந்த நீலம் அப்போதுதான் அவன் நினைவுக்கு வந்தது. அடித்த பிறகு பிடுங்கியிருந்தால் குழிக்குள் சாயம் எப்படி வரும்? மூலை காலியாகக் கிடந்ததை நேற்று அந்த அரையிருட்டில் அவன் கவனிக்கவே இல்லை. பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தான். போன உயிர் திரும்பி வந்ததும் கூடவே கோபமும் வந்தது.

“துவையலுக்குன்னா ஒரு பிடி போதாதா? ஒண்ணுவிடாம வேரோட ஏன் பிடுங்கினீங்க? காலையிலேருந்து நான் செத்துச் செத்துப் பொழைச்சிருக்கேன்!”

காத்தாயி ஒரு சொம்பு மோரை அவன் முன்னால் வைத்தாள்.

“மருந்து அடிக்கப் போறேன்னு நேத்து இட்லி தின்னுகிட்டே நீதானே சொன்னே? உங்க போர்டு எப்பவும் வாசல்லதான் நிக்கும். எங்க பொம்பளைங்க கீரைக்கு வர்றது வாய்க்கால் கரையில. அங்கேயும் ஒண்ணு வைன்னு சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன். உன்னைக் காணோம், கீரைதான் இருந்துச்சு.”

புகழேந்தி மோர்ச் சொம்பைத் தூக்கினான்.

“பறிக்க இருந்தாத்தானே தம்பி, பறிப்பாங்க?”