சோத்தாங்கை

நூர் முஹம்மது ஸ்பூனை எடுத்தார்.

குவைத்தில் அவர் ஸ்பூனை எடுத்ததும், மரக்காணத்தில் மெஹரூன்னிசா கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். எதிரே தண்ணீர்ச் சொம்பில் சாய்த்துவைத்த செல்போனில் கணவரின் முகம். பக்கத்தில் இன்னும் ஸ்கூலில் போடாத மகள் ஷமீனா.

வெள்ளிக்கிழமை அங்கே ஜும்மா தொழுகை முடிந்ததும் வீடியோ காலில் சேர்ந்து சாப்பிடுவது அவர்கள் வழக்கம். எவ்வளவு பசித்தாலும் அதுவரை இங்கே இருவரும் காத்திருப்பார்கள். சாப்பிட்டு முடித்ததும் மூன்று பேரும் போனுக்கு முன்னால் இரண்டு கைகளையும் ஏந்தி துஆ கேட்க வேண்டும். அது அவர் போட்ட சட்டம்.

ஆனால் ஒரு மாதத்துக்கும் மேலாக வெறும் குரல்தான் வந்துகொண்டிருந்தது. கேமரா கெட்டுப்போச்சு என்றார். பிறகு நெட் சரியில்லை என்றார். ஷமீனா அழுது அடம்பிடித்ததால்தான் இன்றைக்கு முகத்தைக் காட்டியிருக்கிறார்.

முகம் இளைத்திருந்தது. அதைக்கூட அவள் எதிர்பார்த்திருந்தாள். ஸ்பூனை எதிர்பார்க்கவில்லை.

ஸ்பூனில் சாப்பிடுகிறவர்களை அவர் கேலி செய்யாத வெள்ளிக்கிழமையே கிடையாது. கேம்ப் மெஸ்ஸில் பிலிப்பைன்ஸ்காரர்கள் சோற்றைக்கூட ஸ்பூனில்தான் தின்கிறார்களாம். விரலுக்குத் தெரியாத சூடு வாய்க்கு எப்படித் தெரியும் என்பார். சூப்பர்வைசர் முகம் சுளித்தார் என்பதற்காகவே ஒருநாள் மணிக்கட்டு வரை குழம்பு ஒழுகப் பிசைந்து தின்றதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

அவர் ஒரு காலத்தில் இங்கே உப்பு லாரியில் லோடு ஏற்றியவர். மரக்காணத்துக் கல்லுப்பை ஆள்காட்டி விரலால் தொட்டு நாக்கில் வைத்த பிறகுதான் சோற்றைத் தொடுவார். குவைத்துக்குப் போகும் பெட்டியில் அதற்கென்றே ஒரு பொட்டலம் போகும்.

இன்றைக்கு உப்பும் இல்லை.

என்ன இது புதுசா என்று கேட்டாள். இங்கே எல்லோரும் இப்படித்தான், பழகிவிட்டது என்றார்.

பழகிவிட்டது என்ற சொல்லையே அவள் பிடித்துக்கொண்டாள். இன்னும் என்னவெல்லாம் பழகியிருக்கும்? ஸ்பூனைக் கையில் கொடுத்துப் பழக்கியது யார்? போன இடத்திலேயே இன்னொரு குடும்பமாகிவிட்டவர்களின் கதைகளை அவளும்தான் எத்தனையோ கேட்டிருக்கிறாள். ஒரு மாதமாக முகம் காட்டாததற்குக் காரணம் இதுதானா?

மனைவிக்கு முதலில் வருகிற பயம் அது. சுலபமான பயமும் அதுதான் என்று அப்போது அவளுக்குத் தெரியவில்லை.

அந்தச் சுலபத்தையும் ஷமீனா கெடுத்தாள்.

“அத்தா, சோத்தாங்கையில சாப்பிடுங்க. பீச்சாங்கையில சாப்பிட்டா ஷைத்தானும் கூட உக்காந்து சாப்பிடுவான்னு நீங்கதானே சொன்னீங்க?”

சொன்னவர்தான். போன ரம்ஜானுக்கு வந்திருந்தபோது, இடது கையால் பிஸ்கட் தின்ற மகளின் கையில் வலிக்க ஒரு அடி வைத்தவர்.

ஸ்பூன் பாதி வழியில் நின்றது.

மெஹரூன்னிசா இப்போதுதான் சரியாகப் பார்த்தாள். ஸ்பூன் அவருடைய இடது கையில் இருப்பது போலத்தான் தெரிந்தது. வலது தோள் வரைக்கும்தான் படத்தில் இருந்தது. அதற்குக் கீழே எதுவும் தெரியவில்லை.

போனில் எல்லாமே கண்ணாடியில் பார்ப்பது போல மாறித்தான் தெரியும் என்று மகளிடம் சொன்னாள். திரையின் மூலையில் சின்னக் கட்டத்தில் அவர்கள் இருவரும் தெரிந்தார்கள். ஷமீனாவின் டி-ஷர்ட் எழுத்துகள் அதில் இடவலம் மாறிக் கிடந்தன. அதைத் தொட்டுக் காட்டினாள். அத்தா சரியான கையில்தான் சாப்பிடுகிறார், நமக்குத்தான் மாறித் தெரிகிறது என்றாள்.

சொன்னதும் அவளுக்கே அப்பாடா என்றிருந்தது. ஒரு கவளம் உள்ளே இறங்கியது.

அவர் தலைக்குப் பின்னால் சுவரில் ஒரு தினசரிக் காலண்டர் தொங்கியது. மரக்காணம் பஜாரில் அவளே வாங்கி, உப்புப் பொட்டலத்தோடு கொடுத்தனுப்பியது.

வெள்ளி என்று போட்டிருந்தது. எழுத்து நேராகத்தான் இருந்தது.

மறுபடியும் படித்தாள். வெள்ளி. ஒரு கொம்பும் இடம் மாறவில்லை.

மெல்வதை நிறுத்தினாள். ஜன்னலுக்கு வெளியே உப்புக் குவியல்கள் வெயிலில் வெளேரென்று கண்ணைக் குத்தின. கெட்டுப்போன கேமரா, சரியில்லாத நெட், தொடாத உப்பு. ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கப் பார்க்க, எல்லாம் படத்தில் தெரியாத அந்த வலது கையில் போய் நின்றன.

யா அல்லாஹ், இன்னொருத்தியாகவே இருந்திருக்கக் கூடாதா என்று ஒரு நொடி நினைத்தாள்.

ஷமீனா முதலில் சாப்பிட்டு முடித்தாள். ஓடிப்போய்க் கை கழுவிவிட்டு வந்து, போனுக்கு முன்னால் இரண்டு கைகளையும் ஏந்திக்கொண்டு அத்தாவுக்காகக் காத்திருந்தாள்.

அவர் தட்டு எப்போதோ காலியாகியிருந்தது. ஒரு பருக்கை இல்லை. ஆனாலும் ஸ்பூன் அதைச் சுரண்டிக்கொண்டே இருந்தது. அவர் தலையை நிமிர்த்தவில்லை.

மெஹரூன்னிசா மகளின் கைகளைப் பிடித்து மெல்ல மடியில் இறக்கிவைத்தாள்.

“மெதுவா சாப்பிடுங்க,” என்றாள். “அவசரம் ஒண்ணும் இல்ல.”

அவர் வெறும் ஸ்பூனை வாய்க்குக் கொண்டுபோனார்.