வாயைப் பார்ப்பதற்கு ஒரு வார்த்தை

குட்டி போட்ட செவலை நாய்க்குப் பால் வற்றிவிட்டது. பரோட்டாக் கடை வாசலில் நின்ற காருக்குள் பேராசிரியர் வீட்டு நாய் டாலி பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது. செவலை ஜன்னலடியில் நின்று அதன் வாயையே பார்த்தது.

"சாப்பிடறவங்க வாயை இப்படிப் பேசாம பார்த்துட்டு நிக்கறதுக்கு இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை இருக்கு, தெரியுமா? 'குரோக்'!" என்றது டாலி. "ஸ்காட்லாந்துக்காரங்க உன்னை மாதிரி நாய்ங்களைப் பார்த்துச் சொன்னதாம். இப்ப யாரும் சொல்றதில்லை. எங்க ஐயாதான் அகராதியில பார்த்துட்டு வகுப்புல சொல்லிச் சிரிப்பார்."

செவலை காதை நிமிர்த்தியது. வெள்ளைக்கார ஊரிலும் தன்னைப்போல் ஒருத்தி நின்றிருக்கிறாள்.

"பேர் வச்சவங்க அவளுக்கு ஏதாச்சும் தின்னக் குடுத்தாங்களாம்மா?"

டாலி கடைசி பிஸ்கட்டையும் மென்று விழுங்கியது.

"அதெல்லாம் அகராதியில இல்லையே."